ஏரிக்கரை முகாமில் பிள்ளைகளோடு தூண்டில் போடப் போகிறவர்களுக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

விடுமுறை நெருங்கும்போதெல்லாம் ஏரிக்கரைப் பூங்காக்களில் கூடாரமடித்துத் தங்குவது பற்றிப் பத்திரிகைகளில் கட்டுரைகள் வருகின்றன. கூடாரம், படுக்கை, அடுப்பு என்று எல்லாவற்றுக்கும் இடம் கிடைக்கிறது. மீன்பிடிப்புக்கு மட்டும் பெரிய மீனொன்றைத் தூக்கிப் பிடித்த ஒரு படமும் அதன்கீழ் இரண்டு வரியும்தான். அந்தப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு ஏரிக்குப் போகிறவர்கள் நீளக் கோலையும் பெரிய முள்ளையும் கொண்டுபோகிறார்கள். பிள்ளை அரைமணி நேரம் தக்கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சலித்து எழுந்துவிடுகிறது. கரையோரம் முழுக்கச் சின்ன மீன்கள் திரிந்துகொண்டுதான் இருக்கும். அந்த முள் அவற்றின் வாய்க்குள் போகாது, அவ்வளவுதான். குடும்பத்தோடு தூண்டில் போடப் போகிறவர்கள் கோல், முள், இடம், நேரம் எல்லாவற்றையும், வந்தவர்களில் சின்னப் பிள்ளைக்கும் தண்ணீரில் உள்ள சின்ன மீனுக்கும் பொருந்த அமைக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று விவரமாகவே எழுதுகிறேன். விடுமுறைக்கு முன் வெளியிட்டால் பலருக்கும் உதவும்.

முதலில் அனுமதி. பூங்காவில் தங்க இடம் கிடைத்துவிட்டால் மீன் பிடிக்கவும் அனுமதி உண்டு என்று பொருளில்லை. பல இடங்களில் இரண்டையும் வேறு வேறு துறைகள் பார்த்துக்கொள்கின்றன. உரிமம் வேண்டுமா, எந்த வயது வரை பிள்ளைகளுக்கு விலக்கு, ஒருவர் எத்தனை கோல் வைக்கலாம், இது முட்டையிடும் காலத் தடைக்குள் வருகிறதா, உயிருள்ள மீனை இரையாகப் போடலாமா, எந்த மீனை எத்தனை அங்குலத்துக்கு மேல் இருந்தால் எடுக்கலாம் என்பதையெல்லாம் கிளம்பும் முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு அளவு நாடாவும் பையில் இருக்கட்டும். மூடிய வாயின் நுனியிலிருந்து வால் நுனிவரை அளப்பதா, வால் பிளவுவரை அளப்பதா என்பது இடத்துக்கு இடம் மாறும், அதையும் கேட்டுவிடுங்கள். ஒரு மீன் ஒருமுறையாவது முட்டையிட்ட பிறகுதான் பிடிபட வேண்டும் என்பதற்காக வைத்ததுதான் அந்த அங்குலக் கணக்கு. பிள்ளைக்குக் காரணம் சொல்லிவிட்டால் நாடாவைப் பிடிக்கிற வேலையை அதுவே கேட்டு வாங்கிக்கொள்ளும்.

கோல் விஷயத்தில் பலரும் நீளத்தில் ஏமாறுகிறார்கள். ஆறேழு வயதுப் பிள்ளைக்கு 5 அடி, பத்து வயதைத் தாண்டியவருக்கு 6 அடி போதும். நரம்பை, அதாவது தூண்டில் நூலை, சுற்றி வைக்கும் ரீல் வேண்டுமென்றால் பொத்தானை அழுத்தி விடுகிற மூடிய வகை ரீல் சரி. திறந்த ஸ்பின்னிங் ரீலில் நரம்பு தளர்ந்தால் வளையம் வளையமாக விழுந்து சிக்கிக்கொள்ளும். சிக்கெடுப்பதிலேயே மாலைப்பொழுது போய்விடும். உண்மையில் மிகச் சின்னப் பிள்ளைக்கு ரீலே வேண்டாம். எடை குறைந்த 8 அடிக் கோலின் நுனியில் ஏறக்குறைய அதே நீளத்துக்கு நரம்பைக் கட்டிக் கொடுத்தால் சிக்கவும் வழியில்லை, பழுதாகவும் ஒன்றுமில்லை. நரம்பு 0.20 முதல் 0.25 மி.மீ. தடிமனுள்ள நைலான், சுமார் 3 முதல் 4 கிலோ இழுவை தாங்குவதாக இருந்தால் நல்லது. பின்னல் நரம்பு விரலை அறுக்கும், பிள்ளைகள் கையில் அதைக் கொடுக்கக் கூடாது. போன வருடம் சுற்றி வைத்த நரம்பை அப்படியே நம்பாதீர்கள். வெயில் பட்டுப்பட்டு நைலான் வலுவிழக்கும். சுருள் சுருளாகவே நின்றாலோ, மேற்புறம் வெளுத்துச் சொரசொரத்திருந்தாலோ மாற்றிவிட வேண்டும். ரீலில் டிராக் திருகு, அதாவது எவ்வளவு இழுத்தால் நரம்பு நழுவ வேண்டும் என்று வைக்கும் திருகு, இருந்தால், நரம்பைக் கையால் இழுத்துப் பாருங்கள். அது தாங்கும் எடையில் கால்பங்கு விசைக்கே நழுவி வர வேண்டும். இறுக்கி வைத்தால் நல்ல மீன் ஒரு இழுப்பில் அறுத்துக்கொண்டு போய்விடும்.

இனி முள். பெரும்பாலான ஏமாற்றம் தொடங்குவது இங்கேதான். முள்ளின் எண் ஏற ஏற அளவு குறையும் என்பதே பலருக்குத் தெரியாமல், "2 என்றால் சின்னதுதானே" என்று வாங்கிவிடுகிறார்கள். விரல் நீள மீன்களுக்கு 12, உள்ளங்கை அளவு மீன்களுக்கு 10 அல்லது 8, அதற்கு மேல் 6. சின்ன முள்ளில் பெரிய மீனும் மாட்டும்; பெரிய முள்ளில் சின்ன மீன் மாட்டவே மாட்டாது. முள்ளின் கூர்நுனிக்குச் சற்றுக் கீழே பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் எதிர்முள்ளை, நுனி நீண்ட குறடால் அழுத்தித் தட்டையாக்கிவிடுங்கள். இப்படிச் செய்தால் மீன் தப்பிவிடாதா என்று கேட்பார்கள். நரம்பைத் தொய்யவிடாமல் இழுத்தால் தப்பாது. எதிர்முள் இல்லாத முள் மீனின் வாயிலிருந்தும் பிள்ளையின் விரலிலிருந்தும் வந்த வழியே கழன்று வரும். குடும்பத்தோடு போகும்போது இதைவிடப் பெரிய வசதி வேறில்லை.

முடிச்சு ஒன்றே ஒன்று தெரிந்தால் போதும். நரம்பின் முனையை முள்ளின் துளையில் நுழைத்து, முதன்மை நரம்பின்மேல் ஐந்தாறு சுற்றுச் சுற்றி, முனையைத் துளைக்குப் பக்கத்தில் உண்டான சின்ன வளையத்துக்குள் விட்டு, அப்போது உண்டாகும் பெரிய வளையத்துக்குள்ளும் விட்டு இழுப்பது. இறுக்கும் முன் எச்சிலாலோ தண்ணீராலோ நனைத்தே ஆக வேண்டும். உலர்ந்த நைலானை வெடுக்கென்று இழுத்தால் உராய்வுச் சூட்டில் முடிச்சின் இடம் நலிந்துவிடும். முதல் மீனுக்கே அறும். முள் காணாமல் போய் நரம்பு மட்டும் திரும்பி வந்தால் அதன் நுனியைப் பாருங்கள். சுருண்டிருந்தால் முடிச்சு நழுவியிருக்கிறது, அடுத்த முறை ஒரு சுற்றுக் கூட்டி இறுக்க வேண்டும். சொரசொரப்பாக வெட்டுப்பட்டிருந்தால் கல்லிலோ கட்டையிலோ உரசியிருக்கிறது, கடைசி ஒரு மீட்டர் நரம்பை வெட்டியெறிந்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும்.

தக்கையைப் பொறுத்தவரை, கடைகளில் கண்ணைப் பறிக்கும் உருண்டைத் தக்கை சின்ன மீனுக்கு ஆகாது. இரையை வாயில் வாங்கியதும் அதன் இழுவை மீனுக்குத் தெரிந்து துப்பிவிடும். குச்சி போன்ற மெல்லிய தக்கையே நல்லது. முள்ளுக்கு 20 செ.மீ. மேலே மிளகளவு எடைக்குண்டு, அதற்கு மேலே தக்கை. ஆழம் பார்க்காமல் தக்கையை எங்கோ ஓரிடத்தில் நிறுத்துவதுதான் வழக்கமான தவறு. முள்ளில் தற்காலிகமாக ஒரு கனமான குண்டை மாட்டி, போடப்போகும் இடத்தில் இறக்குங்கள். தக்கை முழுகிப்போனால் நீர் அதைவிட ஆழம், தக்கையை மேலே ஏற்றுங்கள். தக்கை படுத்துக்கொண்டால் ஆழம் குறைவு, கீழே இறக்குங்கள். நுனி மட்டும் நீர்மட்டத்தில் நிற்கும் இடம் கிடைத்ததும் கனக்குண்டை எடுத்துவிட்டு, தக்கையை ஒரு சாண் கீழே இறக்கினால் இரை தரைக்குச் சற்று மேலே தொங்கும். பிறகு எடைக்குண்டைக் கூட்டியோ குறைத்தோ தக்கையின் நுனி ஒரு செ.மீ. மட்டும் வெளியே தெரியும்படி செய்ய வேண்டும். பாதித் தக்கை வெளியே நின்றால் சின்ன மீன் கடிப்பது தெரியாது.

தக்கையைப் படிக்கப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுங்கள். நுனி மட்டும் வெடவெடவென்று துடித்தால் ஏதோ குட்டி மீன் இரையின் ஓரத்தைக் கொறிக்கிறது; இழுக்கக் கூடாது. தக்கை பக்கவாட்டில் சீராக நகர ஆரம்பித்தால் இரை வாய்க்குள் போய்விட்டது. அப்படியே அமிழ்ந்து போனாலும் அதே பொருள். சிலசமயம் தக்கை கீழே போகாமல் மேலெழும்பிப் படுத்துவிடும். தரைக்குப் பக்கத்தில் இரையை எடுத்த மீன் மேல்நோக்கி வருகிறது, எடைக்குண்டின் பாரம் தக்கையை விட்டு நீங்குகிறது என்று அர்த்தம். அதுவும் நல்ல கடிதான், பலர் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். கோலை இரண்டு கையாலும் தூக்கி வீச வேண்டியதில்லை. மணிக்கட்டை மட்டும் சுண்டினால் போதும். பலமாக இழுத்தால் சின்ன மீனின் வாய் கிழியும், இல்லையேல் முள்ளோடு மீன் பின்னால் நிற்பவர் முகத்துக்குப் பறந்து வரும்.

இரைக்கு மண்புழுவே போதும். மூடியில் துளையிட்ட டப்பாவில் ஈரமண்ணும் மக்கிய இலையும் போட்டு நிழலில் வையுங்கள். வண்டிக்குள் விட்டால் ஒரு மதியத்தில் செத்துப்போகும். முழுப் புழுவை மாட்டுவதால்தான் இரை திருட்டுப் போகிறது. 2 அல்லது 3 செ.மீ. துண்டாகக் கிள்ளி, முள்ளின் வளைவுக்குள் நூல் கோப்பதுபோல் ஏற்றி, நுனியில் ஒரு செ.மீ. வால் நெளியும்படி விட்டால் கடிக்கிற மீன் முள்ளையும் சேர்த்துக் கடிக்கும். புழுவைத் தொடக் கூசும் பிள்ளைக்கு மாவு உருண்டை. பிசையும்போது சிறிது பஞ்சு இழையைச் சேர்த்துப் பிசைந்தால் தண்ணீரில் சீக்கிரம் கரையாது. கொசு விரட்டி பூசிய கையோடு இரையைத் தொடாதீர்கள். அந்த வாடைக்கு மீன் விலகும். டீட் என்ற வேதிப்பொருள் கலந்த விரட்டி பிளாஸ்டிக்கையும் இளக்கும், ரீலும் தக்கையும் பாழாகும். மிஞ்சிய புழுவையும் இரை மீனையும் ஏரியிலோ கரையிலோ கொட்டாமல் திரும்ப எடுத்துச் செல்ல வேண்டும். வேற்றிடத்து உயிரினங்கள் ஏரிகளுக்குள் நுழைந்த வழிகளில் இதுவும் ஒன்று. வலை, காலணி, வாளி ஆகியவற்றையும் கழுவி நன்றாகக் காயவைத்த பிறகே அடுத்த ஏரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

எங்கே போடுவது? ஏரியின் நடுவை நோக்கி வீசத் தேவையில்லை. கரையிலிருந்து 3 முதல் 6 மீட்டருக்குள், நீர்ச்செடிகளின் ஓரம், விழுந்து கிடக்கும் மரம், படகுத்துறையின் நிழல், ஓடை வந்து சேரும் வாய், இங்கெல்லாம்தான் சின்ன மீன் ஒதுங்கும். சில மணி நேரமாகக் காற்று எந்தக் கரையைப் பார்த்து அடிக்கிறதோ அங்கே மிதக்கும் தீனி சேரும், மீனும் சேரும். மதகு, உபரிநீர் வழி, வழுக்குப் பாறை, கால் புதையும் சேறு ஆகிய இடங்களை எவ்வளவு மீன் இருந்தாலும் விட்டுவிடுங்கள். பிள்ளைகளைப் பேசக் கூடாது என்று அதட்டுவது வீண். காற்றில் எழும் பேச்சொலி தண்ணீருக்குள் பெரிதாகப் போவதில்லை. படகுத்துறைப் பலகையில் தடதடவென்று ஓடுவதும் கரையில் குதிப்பதும்தான் மீனை விரட்டும். மீனின் உடலின் இரு பக்கமும் ஓடும் உணர்கோடு அந்த அதிர்வை உடனே பிடித்துவிடும். நீரின்மேல் நிழல் விழாமல் கொஞ்சம் தாழ உட்கார்ந்தால் போதும்.

விடிந்து இரண்டு மணி நேரம், பொழுது சாய்வதற்கு முந்தைய இரண்டு மணி நேரம், இவையே நல்ல வேளை. ஒரு தடவைக்கு 45 நிமிடத்துக்கு மேல் பிள்ளையை உட்கார வைக்காதீர்கள். செடி மண்டிய ஏரியில் காற்றில்லாத வெப்ப இரவுக்குப் பின் விடியற்காலையில்தான் நீரில் கரைந்த ஆக்சிஜன் மிகக் குறைந்திருக்கும்; மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் கண்டால் அன்று காலை தூண்டிலைத் தொடாமல் விடுவதே நியாயம். அவை கடிக்கவும் மாட்டா, பிடித்துத் திரும்ப நீரில் விட்டாலும் பிழைக்கா.

இனி நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்ற கணக்கில், கையில் கோலே இல்லாத பெரியவர் இருக்க வேண்டும். தானும் மீன் பிடித்துக்கொண்டு பிள்ளையையும் பார்த்துக்கொள்கிறேன் என்பது நடக்காது. தக்கை அசைந்ததும் கண் அங்கே போய்விடும். தண்ணீரில் மூழ்குகிற பிள்ளை கூச்சல் போடுவதில்லை, கையை ஆட்டி அழைப்பதுமில்லை. தலை பின்னால் சாய்ந்து, வாய் நீர்மட்டத்தில் ஏறி இறங்கும். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கரைக்கு வந்ததிலிருந்து கரையை விட்டுப் போகும்வரை லைஃப் ஜாக்கெட் பிள்ளையின் உடம்பில் இருக்க வேண்டும். பிள்ளையின் எடைக்கு உரியதா என்று உள்ளே தைத்திருக்கும் சீட்டில் பார்த்து வாங்குங்கள். எல்லாக் கொக்கியையும் மாட்டிவிட்டு இரு தோள்பட்டையிலும் பிடித்து மேலே தூக்குங்கள். ஜாக்கெட் தாடையைத் தாண்டிக் காதுவரை ஏறினால் அது பெரிது. சின்னப் பிள்ளைக்குக் கால்களுக்கு இடையே போகும் பட்டியும் வேண்டும். காற்றடைத்த வளையமும் கைப்பட்டையும் விளையாட்டுச் சாமான்கள், அவற்றை நம்பக் கூடாது. யாராவது விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்காமல் கோலையோ கம்பையோ நீட்ட வேண்டும், கயிறு கட்டிய மிதவையையோ மூடிய காலி கேனையோ வீச வேண்டும்.

தலைக்கு மேல் மின்கம்பி போகும் இடத்தில் கோலை நிமிர்த்தாதீர்கள். கார்பன் கோல் மின்சாரத்தைக் கடத்தும். இடி கேட்டால் கோலைக் கீழே வைத்துவிட்டு வண்டிக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ போய்விட வேண்டும். கூடாரம் மின்னலுக்குப் பாதுகாப்பாகாது. கடைசி இடியிலிருந்து 30 நிமிடம் கழித்தே திரும்ப வர வேண்டும்.

தலைக்கு மேலாகச் சுழற்றி வீசுவதைப் பிள்ளைக்குப் பழக்காதீர்கள். ஊஞ்சலாட்டுவதுபோல் கீழிருந்து முன்னால் ஆட்டி விடுவது போதும். ஒருவருக்கொருவர் 3 மீட்டர் இடைவெளி, எல்லாருக்கும் தொப்பி, கண்ணாடி. இவ்வளவும் செய்தும் முள் தோலில் ஏறினால், எதிர்முள் தட்டையாக்கியதாக இருந்தால் வந்த வழியே மெதுவாகப் பின்னால் தள்ளினால் வந்துவிடும். எதிர்முள்ளோடு இறங்கியிருந்தால் முள்ளின் வளைவில் ஒரு உறுதியான நரம்பை வளையமிட்டுப் பிடித்து, முள்ளின் காம்பைத் தோலோடு அழுத்தி, வந்த திசைக்கே ஒரே வெட்டாக இழுக்க வேண்டும்; கை, கால் சதையில் மேலாகக் குத்தியிருந்தால் மட்டும் இது. மூட்டு, முகம், கழுத்து என்றால் முள்ளை அசைக்காமல் நரம்பை மட்டும் வெட்டிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். கண் என்றால் தொடவே கூடாது. அழுத்தாதபடி ஒரு காகிதக் குவளையைக் கவிழ்த்து ஒட்டிக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எதுவானாலும் டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று பார்க்க வேண்டும். கெளுத்தி வகை மீன்களின் முதுகுத் துடுப்பிலும் பக்கத் துடுப்புகளிலும் உள்ள முள் குத்தினால் கடுக்கும், பல வகைகளுக்கு விஷமும் உண்டு. பெரியவர் தன் கையை விட்டுச் சோதித்துத் தாங்கக்கூடிய சூடான நீரில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், அரைமணி நேரமாவது குத்துப்பட்ட இடத்தை வைத்திருந்தால் வலி தணியும்.

மாட்டிய மீனைத் திரும்ப விடுவதா, எடுத்துக்கொள்வதா என்று பிடிக்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். விடுவதென்றால் கையை நனைத்துக்கொண்டு தொட வேண்டும். உலர்ந்த கையும் துண்டும் மீன்மேல் உள்ள வழவழப்பான படலத்தை உரித்துவிடும். நோய்க்கிருமி புகாமல் காப்பது அந்தப் படலம்தான். செவுளுக்குள் விரலை விடக் கூடாது. முள் தொண்டைக்குள் போயிருந்தால் குடைந்து எடுக்காமல் நரம்பை முள்ளுக்கு அருகில் வெட்டி விடுவதே மீன் பிழைக்க வழி. படமெடுக்க வேண்டுமானால் எடுப்பவர் தயாரான பிறகு மீனைத் தண்ணீரிலிருந்து தூக்குங்கள், பத்து விநாடிக்குள் திரும்ப இறக்கிவிடுங்கள். வீசி எறியாமல் நீரில் நிமிர்த்திப் பிடித்திருந்தால் அதுவே வாலை ஆட்டிப் போகும்.

எடுத்துக்கொள்வதென்றால் கண்களுக்குச் சற்றுப் பின்னே தலையில் பலமாக ஒரு அடி. உடனே குடலும் செவுளும் நீக்கி ஐஸ் பெட்டியில் வைத்துவிட வேண்டும். கயிற்றில் கோத்து வெதுவெதுப்பான கரைநீரில் மாலைவரை போட்டு வைப்பது மீனுக்கும் கொடுமை, சாப்பாட்டுக்கும் கேடு. ஐஸ் உருகிய நீர் வடிந்துபோக வழி இருக்க வேண்டும். அதில் ஊறினால் சதை சொதசொதத்துப் போகும். ஏரி மீனில் மண் வாடை வருவதற்குக் காரணம் ஜியோஸ்மின் என்ற பொருள். நீரில் உள்ள சில நுண்ணுயிர்கள் உண்டாக்குவது. தோலிலும் அதன்கீழ் உள்ள கருஞ்சிவப்புச் சதையிலும் அதிகம் தங்குவதால் அவற்றை நீக்கிவிட்டு, புளிப்பான எதிலாவது சற்று ஊறவைத்தால் பெரிதும் போய்விடும். நன்னீர் மீனைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ உண்ணக் கூடாது, ஈரல் தட்டைப்புழுவும் நாடாப்புழுவும் அதன்வழி வரும். சதை ஒளிபுகாத வெண்மையாகி முள்கரண்டியால் தொட்டால் மடல் மடலாகப் பிரிய வேண்டும்; வெப்பமானி இருந்தால் நடுச்சதை 63 டிகிரி. நீர்மேல் பச்சைச் சாயம் ஊற்றியதுபோல் பாசி படர்ந்திருந்தால் அங்கே பிடித்த மீனைச் சாப்பிட வேண்டாம், பிள்ளைகளையும் நீரில் இறக்க வேண்டாம். நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது.

மீன் கழிவைப் பூங்கா சொல்லும் இடத்தில் மட்டும் போட வேண்டும். கூடாரத்துக்குள் மீனோ இரையோ மீன் வாடையடித்த துணியோ வைத்தால் இரவில் விலங்குகள் தேடி வரும். கூடாரமும் பாத்திரம் கழுவும் இடமும் நீரிலிருந்து 60 மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

அறுந்த நரம்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நைலான் எளிதில் மட்காது. கரையில் விட்ட ஒரு முழ நரம்பு போதும், நீர்ப்பறவையின் காலில் சுற்றி இறுகி அதைப் பட்டினி போட்டுக் கொல்ல. ஒரு காலி பாட்டிலை இதற்கென்றே வைத்துக்கொண்டு எல்லாத் துண்டையும் அதில் போடுங்கள். எடைக்குண்டு ஈயமாக வேண்டாம், தகரத்தாலோ டங்ஸ்டனாலோ செய்தது கிடைக்கிறது. அன்னங்கள் இரையை அரைக்கச் சிறு கல் பொறுக்கும்போது ஈயக்குண்டையும் விழுங்கி நஞ்சேறிச் செத்தன. பிரிட்டனில் 1987-ல் சிறு ஈயக்குண்டுகளின் விற்பனையைத் தடை செய்த பிறகே அங்கே அன்னங்களின் எண்ணிக்கை தேறியது.

பூங்காக்களை நடத்துவோரிடம் தங்கள் பத்திரிகை வழியாக ஒரு வேண்டுகோள். மீன்பிடிக்க அனுமதிக்கும் கரைகளில் தண்ணீரின் ஆழத்தையும் திடீரென்று பள்ளம் விழும் இடத்தையும் காட்டும் பலகை, கயிறு கட்டிய மிதவை வளையம், அறுந்த நரம்பு போட ஒரு குழாய்த்தொட்டி, பிள்ளை எட்டிப் பார்க்கும் உயரத்தில் மீன் அளக்கும் கோடு ஆகியவற்றை வைத்துத் தர வேண்டும். எதற்கும் பெரிய செலவில்லை.

இப்படிக்கு,
தூண்டில் மீன்பிடிப்பில் அக்கறையுள்ள வாசகர்